உள்ளே மாட்டிக்கொண்டவர்

ஓட்டில் பட்டாணி அளவுக்கு ஓட்டை விழுந்து ஒன்றரை மணி நேரம் ஆகியும், உள்ளே இருந்த குஞ்சு வெளியே வருகிற வழியைக் காணோம்.

லிஃப்ட் மெக்கானிக், கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். ஓட்டைக்குள் ஓர் அலகு நுனி தெரிந்தது. திறந்தது, மூடியது. பிறகு வெகுநேரம் அசையவே இல்லை.

அவன் இருந்தது பிரசவ ஆஸ்பத்திரியின் பின்பக்கம், துணி துவைக்கும் இடத்தை ஒட்டிய ஆயாவின் அறையில். ஒரு கட்டில், ஒரு அலமாரி, மூலையில் கண்ணாடி மூடி போட்ட ஒரு தெர்மாகோல் பெட்டி. பெட்டிக்குள் ஒரு குண்டு பல்பு, கிண்ணத்தில் தண்ணீர், பழைய துணியின் மேல் ஒற்றை முட்டை. முற்றத்துக்கு அந்தப் பக்கம், மாடியில், பிரசவ வார்டின் ஜன்னல். அந்த ஜன்னலுக்குப் பின்னால் அவன் மனைவி.

முதல் பிரசவம். காலை ஏழு மணிக்கு அவளை உள்ளே கொண்டுபோனார்கள். எட்டு மணிக்குள் அவன் வார்டுக் கதவைப் பதினாலு தடவை தட்டிவிட்டான். பதினாலு தடவையும் நர்ஸ் வந்து, ஒன்றுமில்லை, நேரமாகும், போய் உட்காருங்கள் என்றாள். பதினைந்தாவது தடவை தட்டியபோது உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. கதவைக் கழற்ற எத்தனை திருகாணி என்று அவன் எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில்தான் ஆயா வந்து, கையைப் பிடித்து இங்கே கூட்டிவந்தாள்.

"தம்பி, சும்மாதான இருக்கீங்க. இந்த முட்டை இன்னைக்குப் பொரியப் போகுது. கொஞ்சம் பாத்துக்குங்க. பாத்தா போதும், தொட்டுடாதீங்க. அதுவா வரும்."

"வராம போயிட்டா?"

"வரும்" என்று சொல்லிவிட்டு அவள் மாடிக்குப் போய்விட்டாள்.

அதுவாக வரும் என்பதை அவனால் ஜீரணிக்க முடியவில்லை. பதினோரு வருஷமாக அவன் பார்க்கிற வேலை, நடுவழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பது. மாட்டிக்கொண்டவர் தானாக வரப் பார்த்தால் ஆபத்து, வெளியே இருப்பவன்தான் கொண்டுவர வேண்டும் என்பது அந்த வேலையின் அரிச்சுவடி. இங்கே எல்லாம் தலைகீழாக இருந்தது.

அவன் குனிந்து மூடியை இரண்டு தட்டு தட்டினான்.

"உள்ள எத்தனை பேர் இருக்கீங்க?"

பழக்கதோஷம். யோசிப்பதற்குள் வாயில் வந்துவிட்டது. ஆனால் உள்ளிருந்து மெலிதாக ஒரு கீச் வந்ததும் அவனுக்கு ஏதோ தெம்பு வந்தது.

"ஒருத்தர்தான். சரி. பதறாதீங்க. எது மேலயும் சாயாதீங்க. ஆள் வந்தாச்சு."

அந்தத் தெம்பிலேயே அவன் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தான். இந்தக் குஞ்சு நல்லபடியாக வெளியே வந்துவிட்டால் மேலே அவளுக்கும் நல்லபடியாக நடந்துவிடும் என்று மனதுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டான். போட்ட மறுகணமே, வராவிட்டால் என்ன என்று தோன்றிவிட்டது. முடிச்சை அவிழ்க்கப் பார்த்தான், முடியவில்லை. மேலே ஜன்னலிலிருந்து அவள் முனகுவது கேட்டது. பெட்டியிலிருந்து கீச் கேட்டது. இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்க ஒரு மனிதனுக்கு இரண்டு காது போதவில்லை.

கீச்சை நன்றாகக் கேட்கலாமே என்று மூடியைத் திறந்து வைத்தான். அரை மணி நேரம் திறந்தே வைத்திருந்தான். உள்ளே இருந்த வெதுவெதுப்பும் ஈரமும் அறையோடு கலந்து போயின. ஓட்டுக்கு அடியில் இருந்த மெல்லிய தோல் காய்ந்து, காகிதம் மாதிரி மொடமொடவென்று அலகோடு ஒட்டிக்கொண்டது. இப்போது அலகு திறக்கவும் இல்லை.

அவன் ஆஸ்பத்திரி முன்பக்கத்து மருந்துக் கடைக்கு ஓடினான். பஞ்சு வேண்டும் என்றான், ஒட்டிக்கொண்ட தோலைப் பிரிக்க மருந்து ஏதாவது வேண்டும் என்றான். மருந்துக் கடைக்காரர் நிதானமான மனிதர். சீட்டு இல்லாமல் எதையும் கையால் தொடமாட்டார்.

"பேஷண்டுக்கு என்ன வயசு?"

"இன்னும் பொறக்கல."

"அப்ப அம்மாவுக்குத்தான் மருந்து. அவங்க எந்த வார்டு?"

"அம்மா கூண்டுல இருக்கா. ஆயா ரூமுக்குப் பின்னால."

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனை ஒரு முறை நன்றாகப் பார்த்தார். விஷயம் புரிந்ததும் மனம் இளகிவிட்டது. அவர் வீட்டிலும் கோழி உண்டாம். தோல் காய்ந்துவிட்டால் குஞ்சு தானாக வரவே வராது, வெந்நீரில் பஞ்சை நனைத்து ஒற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். பஞ்சையும் கொடுத்தார். பிறகு ஆறுதலாக, "பத்துல ஒண்ணு இப்படித்தான் உள்ளயே போயிடும். அதுக்கெல்லாம் மனச விட்டுடக்கூடாது" என்றார்.

மெக்கானிக்கின் மனசு அங்கேயே விட்டுப்போய்விட்டது.

திரும்பி வரும் வழியில் அவன் கம்பெனி சூப்பர்வைசருக்கு போன் போட்டான். ஒருத்தர் மாட்டிக்கொண்டு இரண்டரை மணி நேரம் ஆகிறது, என்ன செய்யட்டும் என்று கேட்டான். இதைவிடத் தெளிவாகக் கேட்டிருக்கலாம். சூப்பர்வைசர் மீதியைக் கேட்காமலே வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். அரை மணி நேரத்துக்கு மேல் ஒருவரை உள்ளே வைத்திருந்தால் கம்பெனி பெயர் என்னாவது, உடைத்தாவது ஆளை வெளியே எடு, பிறகு என் முகத்தில் முழி என்று சொல்லி வைத்துவிட்டார்.

உடைத்தாவது என்ற சொல் மட்டும் அவன் காதில் நின்றது.

அறைக்கு வந்தான். கையைக் கழுவினான். பெட்டிக்குள் கைவிட்டு, வெந்நீரில் நனைத்த பஞ்சால் தோலை ஒற்றினான். பஞ்சை இன்னும் கொஞ்சம் பிழிந்திருக்க வேண்டும். ஒரு சொட்டு ஓட்டைக்குள் இறங்கியது. குஞ்சு தும்முகிற மாதிரி ஏதோ செய்தது. மூச்சு முட்டிவிட்டதோ என்று பயந்து, பஞ்சைப் போட்டுவிட்டு முட்டையைச் சாய்த்துத் தண்ணீரை வடித்தான். சாய்த்ததில் குஞ்சு உள்ளே புரண்டு, ஓட்டை இருந்த பக்கம் அலகுக்குப் பதிலாகக் கழுத்து வந்துவிட்டது.

"பயப்படாதீங்க" என்றான். "இதோ எடுத்துடறேன்."

சட்டைப்பையிலிருந்து சின்ன ஸ்க்ரூடிரைவரை எடுத்துத் துடைத்துக்கொண்டான். ஓட்டையின் ஓரத்தில் நுனியை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, நகக்கண் அளவுக்கு ஒரு சில்லைப் பெயர்த்தான். ஒன்றும் ஆகவில்லை. தைரியம் வந்து இன்னொன்றைப் பெயர்த்தான். அடியில் இருந்த தோல் கிழிந்து, சிவப்பாக ஒரு சொட்டு வந்தது.

ஸ்க்ரூடிரைவர் கையிலிருந்து விழுந்தது.

கீச் நின்றுவிட்டது. அதே நேரத்தில் மாடி ஜன்னலிலிருந்து வந்துகொண்டிருந்த முனகலும் நின்றுவிட்டது. அவன் காத்திருந்தான். இந்தப் பக்கமும் சத்தம் இல்லை, அந்தப் பக்கமும் சத்தம் இல்லை. துணி துவைக்கும் இடத்தில் குழாய் சொட்டுவது மட்டும் கேட்டது. வாழ்நாளில் அவன் அப்படிப் பயந்ததில்லை. இருபது மாடி உயரத்தில், லிஃப்ட் பெட்டியின் தலைமேல் நின்றுகொண்டு வேலை பார்க்கிறவன் அவன்.

முட்டையைக் கையில் எடுத்தான். சில்லென்று இருந்தது. எப்படிச் சில்லிட்டது என்று பெட்டிக்குள் பார்த்தால், உள்ளே இருட்டு. பல்பு எரியவில்லை.

பிளக் சுவரில் இல்லை. அவன் காலடியில் கிடந்தது. பிடுங்கியது வேறு யாருமில்லை. எதில் கைவைப்பதற்கு முன்னாலும் முதலில் கரண்டை நிறுத்தவேண்டும் என்று பதினோரு வருஷமாகக் கைக்குப் பழக்கம். பஞ்சோடு பெட்டிக்குள் கைவிடும் முன் அவன் கை அதுபாட்டுக்குப் பிளக்கைப் பிடுங்கிவிட்டிருந்தது. அதைத் திரும்பச் செருகும் பழக்கம், வேலை முடிந்து ஆள் வெளியே வந்த பிறகுதான்.

அவசரமாகச் செருகினான். பல்பு எரிந்தது. அது சூடானதும், முட்டைக்குப் பக்கத்தில் நகர்த்தினால் சீக்கிரம் சூடேறுமே என்று ஈரக்கையால் பல்பைப் பிடித்தான். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டு பல்பு படாரென்று வெடித்தது.

"கொன்னுட்டேன்" என்றான் மெக்கானிக், வாய்விட்டு. எதை நினைத்துச் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சூட்டுக்கு வேறு வழியில்லை. சட்டைப் பொத்தானைக் கழற்றி, முட்டையைத் துணியோடு உள்ளே விட்டு, அக்குளுக்குப் பக்கத்தில் இடுக்கிக்கொண்டான். இரண்டு கையையும் மேலே கட்டிக்கொண்டு வாளியில் உட்கார்ந்தான். அசையவில்லை. உரக்க மூச்சுக்கூட விடவில்லை. வந்துவிடு, வந்துவிடு என்று இரண்டு பேருக்கும் சேர்த்து முணுமுணுத்துக்கொண்டே இருந்தான். பத்து நிமிஷம் போனது, இருபது நிமிஷம் போனது. விலா எலும்புக்குப் பக்கத்தில் ஒன்றும் நடக்கவில்லை.

வாசலில் நிழல் விழுந்தது. நர்ஸ்.

அவள் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று அவன் தரையைப் பார்த்தான். அவள் மூச்சு வாங்குவது கேட்டது. ஓடி வந்திருக்கிறாள். நல்ல சேதியைச் சொல்ல யார் ஓடிவருவார்கள்?

"உங்கள எங்கெல்லாம் தேடறது?" என்றாள் அவள். "பொண்ணு பொறந்திருக்கா. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. பொறந்து முக்கால் மணி நேரம் ஆச்சு, வாங்க."

அவன் எழுந்திருக்கவில்லை. முகம் மட்டும் ஒரு பக்கம் அழுதது, ஒரு பக்கம் சிரித்தது.

"இன்னும் ஒருத்தர் பாக்கி, சிஸ்டர்" என்றான்.

"இல்ல சார், ஒரே குழந்தைதான். ஸ்கேன்லயே தெரியும்."

அப்போதுதான் அவன் விலாவில் சுருக்கென்று ஒரு குத்து விழுந்தது. பிறகு இன்னொன்று. அவன் 'ஆ' என்று வாளியிலிருந்து எழ, சட்டைக்குள் ஓடு நொறுங்குவது அவள் காதுக்கே கேட்டது. பொத்தான்களுக்கு நடுவே ஈரமாக, கண்ணை மூடிக்கொண்டு, ஊர்மேலேயே கோபம் கொண்டவன் மாதிரி ஒரு தலை எட்டிப்பார்த்தது. பிறகு முழு உடம்பும் நழுவி வந்தது. நர்ஸுக்கும் பழக்கதோஷம். சட்டென்று இரண்டு கையாலும் வாங்கி, துணியால் துடைத்து, கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைச் சொன்னாள்.

"ஒண்ணு பத்து."

அவள் அலமாரியிலிருந்து வேறு பல்பு எடுத்துக் கொடுத்தாள். அவன் மாட்டினான். குஞ்சைப் பெட்டியில் விட்டு, பிளக் சுவரில் இருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்துவிட்டுத்தான் மாடிக்குப் போனான்.

முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார்கள். ஆஸ்பத்திரி அங்கி ஒன்றை மாட்டிவிட்டார்கள். மனைவி களைத்துப்போய்ப் படுத்திருந்தாள். பக்கத்தில் வெள்ளைத் துணிப் பொட்டலத்துக்குள் ஒரு சின்ன முகம். அவன் ரொம்ப நேரம் பேச்சில்லாமல் அதைப் பார்த்தான். தொடலாமா என்று நர்ஸிடம் கேட்டான். தொடலாம் என்றதும் ஒற்றை விரலால் கன்னத்தைத் தொட்டான். இதற்குமேல் தனக்கு ஒன்றும் வேண்டாம் என்று அவனுக்குத் தோன்றியது.

ஆனால் பேச்சு வந்ததும் நிற்கவில்லை. தோல் காய்ந்தது, இரத்தம் வந்தது, பல்பு வெடித்தது, சட்டைக்குள் வைத்தது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் மனைவியிடம் சொன்னான்.

"நீ நெனைக்கற மாதிரி இல்ல" என்றான். "கீழ ரொம்பக் கஷ்டமாப் போச்சு. கடைசி வரைக்கும் உயிர் போய் உயிர் வந்துது."

ஆறு மணி நேரம் வலியெடுத்துப் பிள்ளை பெற்றவள், பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"நல்லவேளைங்க, நீங்க அங்க இருந்தீங்க" என்றாள்.

"நானும் அதைத்தான் சொல்றேன். ஆயா பாட்டுக்குப் பாத்துக்கன்னு விட்டுட்டுப் போயிட்டாங்க. அந்த நேரம் பாத்து நான் சும்மா இருந்தேன், பொழைச்சுது" என்று சொல்லிவிட்டு, தன் தங்கைக்கு இரண்டு சேதியையும் சொல்ல போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனான்.

ஆயா வெந்நீர் ஃபிளாஸ்கைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள். போர்வையை இழுத்து மனைவியின் கால் வரை மூடிவிட்டாள். வராந்தாவில் அவன் குரல் தூரமாகப் போகும் வரை காத்திருந்துவிட்டு, குனிந்து மெதுவாகச் சொன்னாள்.

"அடுத்த பிரசவத்துக்கும் இதே மாதிரி டாக்டர் தேதி குறிச்ச உடனே எங்கிட்ட சொல்லிடும்மா, அவர் கையில குடுக்கற முட்டைய நான் இருபத்தோரு நாளைக்கு முன்னாலயே அடைவைக்கணும்ல."