மண்தேனீக்களை முன்னிட்டுச் சம்பந்திக்கு ஒரு விண்ணப்பம்

மதிப்புக்குரிய சம்பந்தி முகாஷ் அவர்களுக்கு,

தங்கள் ஆடுகள் சுகம், குதிரைகள் சுகம், அவற்றுக்கு அடுத்தபடியாகத் தாங்களும் சம்பந்தியம்மாளும் சுகம் என்று நம்புகிறேன். வரிசை மாறியதற்குக் கோபிக்க வேண்டாம். நாற்பது வருடம் மாட்டு வைத்தியம் பார்த்தவனுக்கு விலங்குகள்தான் முதலில் ஞாபகம் வரும். இங்கே நானும் என் வீட்டுக்காரி ஜூராகானும் சுகம். மகளும் மாப்பிள்ளையும் எங்களிடம் விட்டுப் போயிருக்கும் நம் பேத்தி ஐபெரி மிகவும் சுகம். எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கிறாள்; பிடியை விட்டால் பொத்தென்று உட்கார்ந்துவிடுகிறாள்.

அவள் நடக்கத் தொடங்குவதற்கான கால்கயிறு வெட்டும் விழாவை என் வீட்டில்தான் நடத்த வேண்டும் என்று குளிர்காலம் முழுக்க நான் மல்லுக்கு நின்றதைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அப்பாவைப் பெற்றவனுக்கே உரிமை என்று தாங்கள் மேசையைத் தட்டினீர்கள். நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: உங்கள் ஊரில் ஓர் உருளைக்கிழங்கு கை தவறினால் ஏரிக்கரையில் போய்த்தான் பொறுக்க வேண்டும், குழந்தையின் காலில் கட்டிய கறுப்பு வெள்ளைக் கயிற்றை யார் முதலில் வெட்டுவது என்று நாற்பது பிள்ளைகள் அந்தச் சரிவில் ஓடினால் என்ன ஆவது, என் ஆப்ரிகாட் மரங்களுக்கு நடுவே பலகை போலச் சமமான வெறுந்தரை சும்மா கிடக்கிறதே என்றேன். கடைசியில் தாங்கள் பெரிய மனது பண்ணினீர்கள். மந்தையோடு தாங்கள் மலையேறும் முன், இந்த மாதம் இருபத்தைந்தாம் தேதி என்று முடிவாயிற்று. இப்போது அந்தத் தரையைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது, பேனா நகர மாட்டேன் என்கிறது.

போன ஞாயிறு காலை, பிள்ளைகளின் ஓட்டப் பந்தயத்துக்காகத் தரையை அளக்கக் கயிற்றோடு போனேன். தரை முழுக்கச் சின்னச் சின்ன மண்குவியல்கள், சலித்த மாவைப் போல அத்தனை மென்மை, ஒவ்வொன்றின் நடுவிலும் பென்சில் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. இருநூறு வரை எண்ணிவிட்டு நிறுத்தினேன். மறைப்பானேன், முதலில் தங்களைத்தான் சந்தேகப்பட்டேன். என் தரையைக் கெடுத்து விழாவைத் தட்டிக்கொண்டு போக ஆள் அனுப்பிக் கம்பியால் குத்த வைத்திருக்கிறீர்கள் என்றே நினைத்தேன். தங்கள் பெயரைச் சொல்லி மரங்களிடம் கொஞ்சம் பேசவும் செய்தேன். அதை இங்கே எழுத முடியாது.

குற்றவாளியைக் கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று மறுநாள் வெயில் ஏறியதும் அங்கேயே குப்புறப் படுத்தேன். பூ உதிரும் சமயம், என் முதுகெல்லாம் பூ. பத்து மணி வாக்கில் ஓர் ஓட்டையில் ஒரு முகம் தெரிந்தது, சம்பந்தி. சாம்பல் நிற ரோமம் மூடிய குட்டி முகம். என்னைப் பார்த்தது, உள்ளே போயிற்று, யோசித்தது, மறுபடி வந்தது. பிறகு பக்கத்து ஓட்டையில் ஒன்று, அதற்கடுத்ததில் ஒன்று, கொஞ்ச நேரத்தில் தரையே மெல்ல எழுந்து பறப்பது போல இருந்தது. போனவை கால் நிறைய மஞ்சள் மகரந்தத்தோடு திரும்பி வந்து, இருநூறு வாசலில் தன் வாசல் எது என்று தவறாமல் கண்டுபிடித்து இறங்கின. காதைத் தரையில் வைத்தேன். தூரத்தில் யாரோ வாய் திறக்காமல் பாடுவது போல ஒரு முனகல். ராணி கிடையாது, காவல் கிடையாது, ஆளுக்கொரு வீடு, வாசலுக்கு வாசல் ஒரு சாண்கூட இல்லை, ஆனாலும் ஒரு சச்சரவு இல்லை. அவற்றுக்குச் சம்பந்தி வழக்கம் கிடையாது போலும். எப்போது கண் மூடியது என்று தெரியவில்லை. என் வாழ்நாளில் அப்படி ஒரு தூக்கம் தூங்கியதில்லை.

"என்னய்யா, மண்ணுல காதை வச்சுக் கிடக்கே, பூமிக்குக் காய்ச்சலா?" என்ற குரலில்தான் விழித்தேன். ஜூராகான் கையில் டீக்கு வெந்நீர் கொதிக்கிற சமோவார்.

"அது எதுக்குடி?"

"ஓட்டையில ஊத்தத்தான். விழாவுக்கு இன்னும் பத்து நாள்கூட இல்ல, நீ பூச்சியோட குடும்பம் நடத்துறே. எந்திரி!"

"மாட்டேன்."

"எந்திரிக்கலேன்னா உன் மேலயே ஊத்திருவேன்."

நான் கைகால்களைப் பரப்பி எத்தனை வாசலை மூட முடியுமோ அத்தனையையும் மூடினேன். அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள், சம்பந்தி. பிறகு அந்த வெந்நீரில் டீ போட்டுக் குடித்துவிட்டு, இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

தேன்பெட்டி வைத்திருக்கும் பக்கத்து வீட்டு ஷாம்பெத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். மண்தேனீ என்றும், மூன்று வாரத்தில் முட்டையிட்டு வாசலை அடைத்துவிட்டு வேலையை முடித்துக்கொள்ளும் என்றும் சொன்னார். கொட்டும் என்றும் சொன்னார். நாற்பது பிள்ளைகள், அத்தனையும் வெறுங்கால், அங்கே ஓடுவதை நினைத்தாலே எனக்குப் படபடப்பாக வருகிறது. ஆகவே குழந்தைகளின் நன்மையை மட்டுமே கருதி, விழாவை மூன்று வாரம் தள்ளிவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். மந்தை காத்திருக்காது என்பீர்கள். தங்கள் ஆடுகள் புத்திசாலிகள், எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்ளும். எது எப்படியானாலும் விழாவை மட்டும் தங்கள் சரிவுக்குக் கொண்டுபோய்விடாதீர்கள். இதைக் காலில் விழாத குறையாகக் கேட்கிறேன்.

தங்கள் கூடாரத்தின் உச்சி உயர்ந்தே இருக்கட்டும், அடுப்பு அணையாதிருக்கட்டும், குதிரைகள் இரட்டைக் குட்டி போடாதிருக்கட்டும். அது வைத்தியனுக்குத்தான் தெரியும் தொல்லை.

தங்கள் அன்புள்ள
சபராலி

பின்குறிப்பு: கடித உறை தேடி உள்ளே போன நேரத்தில் ஐபெரி தவழ்ந்து வெளியே போய்விட்டாள். ஓடிப் பார்த்தால் அந்தத் தரைக்கு நடுவே, மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கணுக்காலைச் சுற்றித் தேனீக்கள். எனக்கு உயிரே போய்விட்டது. அவளோ மரத்தை விட்டுவிட்டு, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று நடந்து வந்து என் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். ஒன்றுகூடக் கொட்டவில்லை. ஷாம்பெத் உண்மையில் சொன்னது, "கையில பிடிச்சு நசுக்கினாத்தான் கொட்டும்" என்று. பாதியை மட்டும் எழுதினேன், மன்னிக்கவும். பயம் பிள்ளைகளுக்காக அல்ல. எண்பது கால்கள் மிதித்தால் அந்த வீடுகள் என்ன ஆகும் என்றுதான். நடக்கத் தொடங்கிய குழந்தைக்குக் கயிறு வெட்ட மூன்று வாரம் காத்திருக்கவும் கூடாது. எனவே மேலே எழுதியதெல்லாம் ரத்து. விழா இருபத்தைந்தாம் தேதி தங்கள் சரிவிலேயே நடக்கட்டும், நாங்கள் குழந்தையோடு வந்து சேர்கிறோம். வென்ற பிள்ளைக்குக் கத்தியைத் தாங்களே கொடுங்கள், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவள் எடுத்து வைத்த முதல் அடியை நான் பார்த்துவிட்டேன், சம்பந்தி. தாங்கள் பார்க்கவில்லை.