ஓட மறுத்த எருமையும் எங்கள் லோடிங்கும்

ஹைதராபாத் நகரத்தில் எதற்கும் அவசரப்படாத மனிதர் ஒரே ஒருவர்தான். அவரும் எங்கள் தார்நாகா அபார்ட்மெண்டில், என் வீட்டுக்கு நேர் கீழே குடியிருந்தார். இதை நம்பாதவர்களை அவரிடம் அழைத்துப்போய், "சார், மணி என்ன?" என்று கேட்கச் சொல்வேன். பதில் வருவதற்குள் மணி மாறியிருக்கும்.

பெயர் லோடிங். அப்பா அம்மா வைத்தது வேறு ஏதோ. அது யாருக்கும் தெரியாது. நீங்கள் ஒரு கேள்வி கேட்டால் அவர் கண்கள் சற்று மேலே போய் நின்றுவிடும். முகத்தில் அசைவே இருக்காது. கம்ப்யூட்டர் திரையில் ஒரு வட்டம் சுற்றுமே, அது அவர் நெற்றியில் சுற்றுவதுபோல நமக்கே தோன்றும். அபார்ட்மெண்ட் பிள்ளைகள் வைத்த பெயர் அது. பெரியவர்கள் கண்டித்தார்கள், பிறகு அவர்களும் அப்படியே கூப்பிட்டார்கள். எதிர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையின் உறையில்கூட 'திரு. லோடிங் குடும்பத்தினர்' என்றுதான் எழுதிக் கொடுத்தார்கள். அவர் வாங்கிப் பார்த்தார். நாங்கள் காத்திருந்தோம்.

"ஸ்பெல்லிங் கரெக்ட்" என்றார்.

வெள்ளைக்காரன் காலத்திலேயே சிகந்தராபாத்துக்கு வந்துவிட்ட குடும்பம் அவருடையது. பேச்சு தமிழில் கிளம்பி, உருதுவில் திரும்பி, இங்கிலீஷில் போய் இறங்கும். ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியில் மாத்திரைகள் உடையாமல் வருகின்றனவா என்று பார்க்கிற வேலையில் இருந்தார். நாற்பது வயதில் திடீரென்று அதை விட்டுவிட்டு, வீட்டிலேயே உட்கார்ந்து, தனி ஆளாக ஒரு வீடியோ கேம் செய்ய ஆரம்பித்தார்.

அவர் மனைவி வசந்திக்கு பேங்கில் வேலை. குடும்பம் அந்தச் சம்பளத்தில்தான் ஓடியது. என்னிடம் மாடிப்படியில் நின்று புலம்புவாள்.

"வேற ஆம்பளைங்க இந்த வயசுல புல்லட் வாங்குவாங்க, இல்ல சாமியாராப் போவாங்க. இவரு எருமையப் புடிச்சிட்டு உக்காந்திருக்காரு அக்கா!"

எருமைதான் அந்த கேமின் கதாநாயகன். விளையாடுகிறவர் ஒரு எருமையாகி, ஹைதராபாத் டிராஃபிக்கில் புகுந்து, நகரத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போய்ச் சேரவேண்டும். துப்பாக்கி இல்லை, குதிப்பதில்லை, பறப்பதில்லை. இரண்டே பட்டன்கள். ஒன்று நடக்க, இன்னொன்று நிற்க. எருமை நடுரோட்டில் நின்றால் பஸ், கார், ஆட்டோ எல்லாம் நிற்கும். எல்லோரும் ஹாரன் அடிப்பார்கள், திட்டுவார்கள். எருமை மெதுவாகத் திரும்பி அவர்களைப் பார்க்கும். அவ்வளவுதான் கேம்.

"இதுல ஜெயிக்கிறது எப்படி?" என்று கேட்டேன்.

லிஃப்ட் மேலே போய்க் கீழே வந்தது.

"கோவப்படாம இருந்தா ஜெயிச்சிட்டோம் மேடம்" என்றார்.

எருமை விஷயத்தில் அவருக்கு எல்லாம் அசலாக இருக்கவேண்டும். ஒரு கம்பில் மைக்கைக் கட்டிக்கொண்டு, தலையில் ஹெல்மெட்டோடு, பால்காரரின் எருமைகளுக்குப் பின்னால் தெருத்தெருவாக நடந்தார். அசைபோடுகிற சத்தம், குளம்புச் சத்தம், பெருமூச்சு எல்லாவற்றையும் பதிவு செய்தார். பால்காரர் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு எங்கள் வாசலுக்கே வந்து சண்டை பிடித்தார்.

"கைக்கு சாப்? ஹமாரே பைன்ஸ் கே பீச்சே கைக்கு பட்ரே ஆப்?"

ஏன் சார் என் எருமைகள் பின்னாலேயே அலைகிறீர்கள் என்பது கேள்வி. லோடிங் யோசித்தார். அவர் யோசிக்க யோசிக்க பால்காரருக்குச் சந்தேகம் முற்றியது. திருடனானால் ஏதாவது பொய்யாவது சொல்லியிருப்பான் அல்லவா? கடைசியில் லோடிங் ஹெட்ஃபோனை அவர் காதில் மாட்டி, அவருடைய எருமையின் மூச்சையே கேட்க வைத்தார். பால்காரர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "ஹவ், யே தோ ஹமாரி லட்சுமி!" என்று, இது நம்ம லட்சுமியாச்சே என்று, கூவினார். அன்றிலிருந்து எந்த எருமை எப்போது நல்ல மூடில் இருக்கும் என்று அவரே போன் செய்து சொல்ல ஆரம்பித்தார்.

அபார்ட்மெண்ட் செயலாளர் நரசிங்க ராவ்தான் மசியவில்லை. ஓய்வுபெற்ற அதிகாரி. உரக்கப் பேசுவார், அதைவிட உரக்க ஸ்கூட்டர் ஹாரன் அடிப்பார். இரண்டாம் மாடியிலிருந்து நாள் முழுக்க எருமை கத்துகிறது என்று கூட்டம் போட்டார். "இது ரெசிடென்ஷியல் பில்டிங்கா, மாட்டுக் கொட்டகையா?" என்று முழங்கினார். லோடிங் பதில் சொல்வதற்குள் கூட்டம் கலைந்து எல்லோரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

இந்த நிலையில்தான் அந்தக் கறுப்புக் கார் வந்தது.

லோடிங் தன் கேமிலிருந்து ஒரு சின்னத் துண்டை இணையத்தில் போட்டிருந்தார். அதை யாரோ பார்த்து, சிரித்து, பத்துப் பேருக்கு அனுப்பி, அது எங்கெங்கோ போயிருக்கிறது. ஒரு மத்தியானம் எங்கள் கேட்டில் பளபளவென்று கார் நின்றது. இறங்கிய இளைஞரின் டி-ஷர்ட்டில், பிள்ளைகள் எல்லோரும் ஒரே குரலில் படித்துக் கத்துகிற அளவுக்குப் பிரபலமான ஒரு பெரிய கேம் கம்பெனியின் முத்திரை. அவர் லிஃப்டில் ஏறி இரண்டை அழுத்தினார். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்த உண்மை. மற்றதெல்லாம் நாங்களே தயாரித்தது.

லோடிங்கை அந்தக் கம்பெனி வாங்கப்போகிறது என்று மறுநாள் காலையில் பேச்சு. சாயங்காலத்துக்குள் அபார்ட்மெண்டையே வாங்கப்போகிறது என்றானது. மொட்டைமாடியில் நீச்சல் குளம் வரும் என்றார் முதல் மாடி வீட்டுக்காரர். லோடிங் கனடாவுக்குப் போகிறார், எருமையும் உடன் போகிறது என்றாள் எங்கள் வீட்டில் வேலை செய்கிற பெண்மணி. கம்ப்யூட்டரில் இருக்கிற எருமை எப்படி விமானம் ஏறும் என்று கேட்டேன். "அதுக்குத்தானே அந்தப் பெரிய கம்பெனி!" என்று என் வாயை அடைத்துவிட்டாள்.

நரசிங்க ராவ் எங்கள் எல்லோரையும் மிஞ்சிவிட்டார். நிழல் விழுகிற பார்க்கிங் இடத்தை லோடிங்குக்கு ஒதுக்கினார். லோடிங்கிடம் இருந்ததோ ஒரு சைக்கிள். அது ஒரு கார் நிற்கிற இடத்தின் நடுவில், தனியாக, ராஜா மாதிரி நின்றது. லிஃப்டில் என்னைப் பார்த்ததும் ரகசியக் குரலில் கேட்டார்: "மேடம்காரு, எருமை வாய்ஸ் இப்ப வர்றதில்லையே, எனிதிங் ராங்? எனக்கு அது பழகிப்போச்சு."

வசந்தியின் முகத்தில் மட்டும் சிரிப்பு இல்லை. "நாளைக்கு அவங்க மறுபடி வர்றாங்க. மேனேஜரும் வர்றாராம். நீங்க பக்கத்துல இருங்க அக்கா. இவரு லோட் ஆகறதுக்குள்ள அவங்க எந்திரிச்சுப் போயிடுவாங்க. எனக்கும் எத்தன வருஷந்தான் ஒண்டியா இழுக்க முடியும்?" நான் அலுவலகத்துக்கு லீவு போட்டேன்.

வந்த மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர். ஹைதராபாத்துக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறதாம். தமிழ்க் குடும்பம் என்று தெரிந்ததும் மனிதருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. காபியைக் குடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"உங்க கேம் எங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்குங்க. நீங்க எங்ககூட வந்துடுங்க. உங்களுக்குக் கீழ ஒரு டீம் குடுத்தர்றோம். என்னங்க சொல்றீங்க?"

லோடிங்கின் கண்கள் மேலே போய் நின்றன.

எனக்கும் வசந்திக்கும் இது தினமும் பார்ப்பது. மேனேஜருக்குப் புதிது. அவர் டி-ஷர்ட் இளைஞரைப் பார்த்தார். இளைஞர் அவரைப் பார்த்தார். மின்விசிறி சுற்றியது.

"சரிங்க, தனி ரூம் வேணும்னாலும் பண்ணிரலாம்" என்றார் மேனேஜர்.

லோடிங் அசையவில்லை.

"கார் வந்து கூட்டிட்டுப் போய்க் கொண்டுவந்து விட்டுருமுங்க."

கண்கள் மேலேயே இருந்தன.

"குடும்பத்தோட வருஷத்துக்கு ஒருக்கா ஃபாரின் டிரிப்புங்க!"

மேனேஜர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். இத்தனை கெட்டியாகப் பேரம் பேசுகிற ஆளை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. நான் சிரிப்பை அடக்க சமையலறைக்குள் ஓடினேன். அங்கே வசந்தி ஏற்கெனவே புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். "பேசாம இருக்கச் சொல்லுங்க அக்கா, இன்னும் கொஞ்ச நேரம் போனா கம்பெனியவே குடுத்துருவாங்க!"

நாங்கள் திரும்பி வந்தபோது லோடிங் வாயைத் திறந்திருந்தார்.

"டீமெல்லாம் சரி. எருமைய என்ன பண்ணுவீங்க?"

மேனேஜருக்கு உயிர் வந்தது. "சின்னச் சின்ன சேஞ்சுதானுங்க. இப்ப அது நடக்குதில்லீங்களா, அது ஓடோணும். நல்லா வேகமா. கார்மேல எல்லாம் ஏறித் தாண்டோணும். வேகம் இல்லீனா ஆளுக விளையாட மாட்டாங்க."

இந்தத் தடவை லோடிங் யோசிக்கவே இல்லை. நான் அந்த வீட்டில் பார்த்த ஒரே உடனடிப் பதில் அதுதான்.

"நக்கோ" என்றார்.

கோயம்புத்தூர்க்காரருக்கு அந்த வார்த்தை புரியவில்லை. "வேணாம்கறார் சார்" என்று டி-ஷர்ட் இளைஞர் மெல்லிய குரலில் சொன்னார். மேனேஜர் இன்னும் சிறிது நேரம் பேசிப் பார்த்தார். வேகத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம் என்றார். வேகநடை போதும் என்றார். லோடிங் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அவர்கள் கிளம்பும்போது இளைஞர் மட்டும் பின்தங்கி, லோடிங்கின் கையைப் பிடித்து, "நடக்கட்டும் சார்" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

கதவு சாத்தியாயிற்று. வசந்தி சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். நான் எழுந்து போகலாமா என்று நினைத்தேன், கால் வரவில்லை.

"நெசமாவே எருமை ஓடாதா?" என்று கேட்டாள் வசந்தி. அழுகிறாளா, சண்டைக்கு வருகிறாளா என்று எனக்குப் பிடிபடவில்லை.

நெடுநேரம் கழித்து அவர் சொன்னார்: "ஓடும் வசந்தி. பயந்தா ஓடும். ஃபேக்டரில அத்தன வருஷம் நான் பயந்து பயந்து ஓடிட்டுத்தான் இருந்தேன். இதையாவது நடக்க விடலாம்னு பாத்தேன். ஆனா உனக்குக் கஷ்டமா இருக்குன்னா சொல்லு. நாளைக்கே போன் பண்ணி ஓட விட்டுர்றேன்."

வசந்தி அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அன்று அவள்தான் லோடிங்.

"நடக்கட்டும். ஆனா சீக்கிரம் நடக்கட்டும்" என்றாள்.

அபார்ட்மெண்டுக்குச் செய்தி போனதும் நீச்சல் குளம் வற்றியது. அவர் கேட்டது அதிகம் என்றார்கள். கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றார்கள். எருமைக்கு விசா கிடைக்கவில்லை என்று எங்கள் வீட்டுப் பெண்மணி அடித்துச் சொன்னாள். நிழல் பார்க்கிங் மறுநாளே பறிபோனது. சைக்கிள் பழையபடி மாடிப்படிக்கு அடியில் போய் நின்றது.

கேமை முடிக்க அவர் எவ்வளவு காலம் எடுத்துக்கொண்டிருப்பார் என்பதை உங்கள் கற்பனைக்கே விட்டுவிடுகிறேன். ஒருவழியாக வெளியிட்டார். உலகமெல்லாம் ஓடி வரவில்லை. ஆனால் எங்கெங்கோ இருக்கிறவர்கள் வாங்கி விளையாடினார்கள். அலுவலகம் முடிந்து வந்து, எருமையாகி, நடுரோட்டில் நின்றால் மனசு ஆறுகிறது என்று எழுதினார்கள். மூட்டை மூட்டையாகப் பணம் வரவில்லை. வசந்தி வட்டிக் கணக்குப் பார்க்காமல் தூங்குகிற அளவுக்கு வந்தது.

நரசிங்க ராவ்தான் கொதித்துப்போனார். கேமில் தார்நாகா சிக்னலுக்கு வந்ததும் ஒரு வழுக்கைத் தலைக்காரர் ஸ்கூட்டரில் உட்கார்ந்து விடாமல் ஹாரன் அடிக்கிறார். மூக்குக்கண்ணாடி, சட்டைப்பை, குரல் எல்லாம் அச்சு அசல் அவரேதான். வழக்குப் போடுவேன் என்று இரண்டாம் மாடிக்கு ஏறினார். இறங்கி வரவே இல்லையே என்று நான் எட்டிப் பார்த்தேன். லோடிங்கின் நாற்காலியில் உட்கார்ந்து, எருமையைத் தன் ஸ்கூட்டருக்கு முன்னால் நிறுத்தி, "ஹாரன் கொட்டு, இன்கா கொட்டு!" அடி, இன்னும் அடி என்று தெலுங்கில், திரையிலிருக்கும் தன்னையே உசுப்பேற்றிக்கொண்டிருந்தார்.

பிறகு எனக்குச் சென்னைக்கு மாற்றலாகிவிட்டது. ஹைதராபாத் ஞாபகம் வரும்போது அந்த கேமைத் திறந்துவைத்துக்கொள்வேன். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை எருமை எங்கள் அபார்ட்மெண்டைத் தாண்டும்போது ஒன்றைக் கவனித்தேன். மூன்றாம் மாடி பால்கனியில் ஒரு பெண் துணி உலர்த்திக்கொண்டே, சுருதி எங்கோ, தான் எங்கோ என்று பாடிக்கொண்டிருக்கிறாள். எருமை தலையைத் தூக்கி அவளைப் பார்த்தபடி நின்றுவிட்டது. எந்தப் பட்டனை அழுத்தினாலும் நகரவில்லை. ஏதோ கோளாறு என்று வசந்திக்குப் போன் செய்தேன்.

"இருங்க அக்கா, கேட்டுச் சொல்றேன்" என்றாள். காத்திருந்தேன். அவர்களுக்கே உரிய அந்த நீண்ட நேரம்.

"கோளாறு இல்லியாம். பாட்டு முடியறவரைக்கும் அது அங்கேயே நிக்குமாம்."

என் பாட்டை முழுசாக நின்று கேட்ட ஜீவன் இதுவரை வேறெதுவும் இல்லை. அந்த இடம் வந்ததும் இப்போதெல்லாம் நானே பட்டனிலிருந்து விரலை எடுத்துவிடுகிறேன்.