எதிர்க்கடை

வேல்ராஜ் அவித்து வைத்த இட்லி அத்தனையும் விடிவதற்குள் ஆறிப்போயிருந்தது. ஒரு ஆள்கூட வந்து உட்காரவில்லை.

திதி கொடுக்க ஜனம் வருகிற தேவிபட்டினத்தில், கடலுக்குப் போகும் தெருவில் அவனுக்கு ஒரு இட்லிக்கடை. நேர் எதிரே பால்சாமியின் கடை. இரண்டு கடைக்கும் அரிசி ஒரே மண்டி, தேங்காய் ஒரே வண்டி. கூட்டம் மட்டும் எதிரே. பால்சாமி சிரித்தால் வேல்ராஜுக்கு வயிறு எரியும். சிரிக்காவிட்டால், சிரிக்கக்கூட நேரமில்லாத அளவுக்கு வியாபாரமா என்று கூடுதலாக எரியும்.

ஆடி அமாவாசையிலும் கடை தேறாவிட்டால், இழுத்துச் சாத்திவிட்டுத் தன்னைப் பெற்ற அய்யாவோடு கருவேலங்கட்டையில் கரிமூட்டம் போட வந்துவிட வேண்டும் என்று மனைவி சண்முகவள்ளி முடிவாகச் சொல்லிவிட்டாள். மூட்டத்துப் புகையைத் தாங்கிவிடலாம். மாமனாரைத் தாங்க முடியாது.

தொழிலில் ஜெயிக்கிறவனின் பழக்கங்களை அப்படியே பிடித்துக்கொண்டால் எவனும் ஜெயிக்கலாம் என்று கைப்பேசி வீடியோவில் கோட்டு போட்ட ஒருவர் சொல்லியிருந்தார். அன்றைக்கே வேல்ராஜ் நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டு, பால்சாமியைப் படிக்கத் தொடங்கினான்.

பால்சாமி கருக்கலில் கடை திறந்தான். இவன் அதற்கும் முன்னால் திறந்து அவித்தே முடித்தான். திதி கொடுக்க வருகிறவர்கள் கடலில் முழுகிக் காரியம் முடிக்காமல் வாயில் எதையும் வைக்கமாட்டார்கள் என்பது இவனுக்கும் தெரியும். பொறாமையில் மறந்துபோயிற்று. பால்சாமி அந்நேரம் தேங்காய்தான் துருவிக்கொண்டிருந்தான்.

பால்சாமி வெங்காயம், பூண்டு சேர்ப்பதில்லை, திதிக்காரர்களுக்கு ஆகாது. இவனும் நிறுத்தினான். வெங்காயச் சட்னிக்காகவே இவனிடம் வந்துகொண்டிருந்த வேன் டிரைவர்களும் நின்றுபோனார்கள்.

பால்சாமி வருகிறவர்களிடம் ஊர், உறவெல்லாம் விசாரித்தான். இவனும் மொட்டைத்தலையோடு வந்து உட்கார்ந்த ஒருவரிடம் வாயெல்லாம் பல்லாக ஆரம்பித்தான்.

"வாங்கண்ணே. அய்யா நல்லா இருக்காகளா?"

"அவருக்குத்தான் காரியம் பண்ணிட்டு வாரேன்."

அவர் பாதி இட்லியில் எழுந்துவிட்டார். எப்படியாவது சமாளிக்க வேண்டுமென்று வேல்ராஜ் பின்னாலேயே ஓடினான்.

"கோவிச்சுக்கிறாதீக. குடும்பத்தோட இங்கன அடிக்கடி வந்து போகணும்."

கூட வந்திருந்த அவருடைய தம்பி கையை ஓங்கிவிட்டார். சண்முகவள்ளி குறுக்கே விழுந்து விலக்கினாள். அன்று ராத்திரியே கரிமூட்டத்துக்கு ஆள் வருகிறது என்று அய்யாவிடம் சொல்லியும் வைத்தாள்.

ஆடி அமாவாசை வந்தது. தெரு கொள்ளாத ஜனம். எதிரே சாப்பிடுகிறவர்களின் முதுகுக்குப் பின்னால் நின்று இடம் பிடித்தார்கள். வேல்ராஜ் ஆணி அடித்ததுபோல் நாற்காலியில் உட்கார்ந்து, பால்சாமி துண்டைத் தோளில் போடுகிற தினுசு வரைக்கும் பார்த்தான். ஈரவேட்டியோடு இவன் வாசல்படி வரை வந்த குடும்பங்கள் கொஞ்சம் நின்றன, இவன் முகத்தைப் பார்த்தன, எதிரே போயின.

மத்தியானத்துக்கு மேல் இவனுக்குப் பொறுக்கவில்லை. எதிரே சாப்பிட்டுவிட்டு வந்து இவன் கடை நிழலில் ஒதுங்கிய திருவாடானைப் பக்கத்துப் பெண் ஒருத்தியிடம் கேட்டேவிட்டான்.

"இங்கன படியேறிட்டு அங்கன போனீகளே தங்கச்சி. அவன்ட்ட அப்பிடி என்னத்தக் கண்டீக?"

"அவுகள நாங்க எங்கண்ணே கண்டோம்? நீங்கதான் எச்சி முழுங்கி முழுங்கி அந்தக் கடையவே பாத்துக்கிட்டு இருந்தீக. இட்லிக்கடைக்காரருக்கே நாக்கு ஊறுதுன்னா அங்கன நல்லாத்தான் இருக்கும்னு போனோம்."