ஒன்பதாவது வாரப் பாடம்

இந்த வருஷப் பாடத்திட்டத்தைத் தன் சொந்த மூளையிலிருந்தே எழுதுவது என்று வாத்தியார் சபதம் எடுத்தார். எடுத்து மூன்று நாள் ஆகியும் படிவத்தில் தேதி மட்டும்தான் ஏறியிருந்தது. ஊருக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு மொழி சொல்லித்தரும் பள்ளியில், பதினெட்டு வருஷமாக அவர் போட்ட திட்டமெல்லாம் ஒரே திட்டம்தான். போன வருஷத்துத் தாளை எடுப்பார், தேதியை மாற்றுவார், மீதியைப் பார்த்து எழுதுவார். கை எழுதும். மூளை தூங்கும்.

புதிதாக வந்த முதல்வர் கறாரான அம்மாள். பன்னிரண்டு வாரத்துக்கும் புதுத் திட்டம் வேண்டும், நன்றாக எழுதுகிறவருக்கே பாடப்பிரிவுத் தலைவர் பதவி என்று சொல்லிவிட்டார். பதவி தனக்குத்தான் என்று வாத்தியார் வீட்டில் ஏற்கெனவே தம்பட்டம் அடித்துவிட்டார்.

அவர் மனைவி, அக்கம்பக்கத்தில் குடிவந்த மூன்று பெண்களைச் சமையலறையில் உட்காரவைத்து அதே மொழியைச் சொல்லிக்கொடுப்பாள். அதற்கென்று ஒரு நீல நோட்டு வைத்திருந்தாள். இலக்கணமே இல்லாமல் இதெல்லாம் ஒரு பாடமா என்று வாத்தியார் கிண்டல் செய்யாத நாள் கிடையாது.

நான்காம் நாள் அவள் கடைக்குப் போனதும் அலமாரியிலிருந்து அந்த நோட்டை எடுத்துப் பிரித்தார். முதல் வாரம்: எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்று டிரைவரிடம் கேட்பது. இரண்டாம் வாரம்: எங்கே வலிக்கிறது என்று டாக்டரிடம் சொல்வது. மூன்றாம் வாரம்: குழாய் ஒழுகுவதைப் பற்றி வீட்டு ஓனரிடம் கோபப்படாமல் சண்டை போடுவது. அவருக்கு வயிறு எரிந்தது. அப்புறம் பேனாவை எடுத்தார்.

தினமும் அவள் வெளியே போகிற அரை மணி நேரத்தில் இரண்டிரண்டு வாரமாகப் பார்த்து எழுதினார். ஒரு கண் வாசலில், ஒரு கண் நோட்டில். ஆறு நாளில் வேலை முடிந்தது.

அடுத்த வாரமே முதல்வர் எல்லா ஆசிரியர்களையும் கூட்டி அவரை வாயாரப் புகழ்ந்தார்.

"அதுலயும் அந்த ஒன்பதாவது வாரம்! அதை நீங்களே வாசிங்க சார்."

வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டு கம்பீரமாக ஆரம்பித்தார்.

"பாடம், மன்னிப்புக் கேட்பது. சூழ்நிலை, ஒரு கணவர் தன் மனைவியின் நோட்டை அவளிடம் கேட்காமல் எடுத்து, தன் பெயரில் எழுதிக் கொடுத்துவிடுகிறார். பயிற்சி, அவர் மூன்று விதமாக மன்னிப்புக் கேட்கட்டும்."

கடைசி வரி வெளியே வருவதற்குள் குரல் உள்ளே போய்விட்டது. முதல் நாளே நோட்டைத் தலைகீழாகச் செருகிவைத்தது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவள் பார்த்திருக்கிறாள். ஒரு வார்த்தை கேட்காமல் ஒன்பதாவது வாரத்தை மட்டும் மாற்றி எழுதிவைத்திருக்கிறாள். இவர் கை அதையும் ஒரு புள்ளி விடாமல் பார்த்து எழுதியிருக்கிறது.

என்ன கற்பனை என்று யாரோ கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார், கைதட்டலைத் தாங்க முடியவில்லை. காது சுட்டது. வெட்கத்தில் நிமிரவே முடியவில்லை.

"கற்பனை இல்லீங்க," என்றார் மேசையைப் பார்த்தபடி. "பன்னிரண்டு வாரமும் என் மனைவியோட நோட்டு."

முதல்வர் அந்தப் பதவிக்கு அவர் மனைவி வருவாரா என்று கேட்டு வரச் சொன்னார்.

வழியெல்லாம் வாத்தியார் வாய்க்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். சமையலறையில் அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். முதலில் பதவிச் செய்தியைச் சொன்னார். முதல் மன்னிப்பு தடுமாறியது. இரண்டாவது நீண்டுகொண்டே போனது. மூன்றாவதற்கு ஒத்திகை எதுவும் கைகொடுக்கவில்லை.

"உன்னை மாதிரி யோசிக்க எனக்கு வரல. அதை ஒத்துக்க வெட்கமா இருந்துச்சு. கிண்டல் பண்ணதுக்கும் சேர்த்து மன்னிச்சிடும்மா."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"மூணாவது ரொம்ப நல்லா இருக்கு. அதை யார் நோட்டுலேர்ந்து எடுத்தீங்க?"