நீலவேங்கை கையை ஆட்டவில்லை

பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் அப்பாக்களுக்கு ஒரு விஷயம் மறந்துபோகிறது. நாம் சொல்லிவிட்டுத் தூங்கிவிடுகிறோம். அவர்கள் மறுநாள் அதைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போகிறார்கள். நான் அவிழ்த்துவிட்ட ஒரு புளுகை என் மகன் அருண் இரண்டாம் வகுப்பு முழுக்கத் தனியாளாகச் சுமந்தான். அந்தப் பாவத்தை எழுதித் தீர்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். தீருமா என்பது சந்தேகம்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஊரப்பாக்கத்தில் வீடு கட்டிக் குடிவந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வீடு என்றால் தரைத்தளம் மட்டும். மாடி பிற்பாடு கட்டிக்கொள்ளலாம் என்று நான்கு தூண்களிலும் கம்பியை மேலே நீட்டி விட்டிருந்தோம். (அந்தப் பிற்பாடு வரவே இல்லை. கம்பியெல்லாம் துருப்பிடித்து, அறுத்து, பழைய இரும்புக்குப் போட்டாயிற்று.) மாடி இல்லாததால் மாடிப்படியும் இல்லை. மேலே தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வேண்டுமென்றால் பின்வீட்டு ஏழுமலையிடம் மூங்கில் ஏணி இரவல் வாங்க வேண்டும். ஏழுமலை பெயின்டர். எங்கள் மனை ஒரு காலத்தில் அவருடைய சித்தப்பாவின் வயல் என்பதால், எங்கள் வீட்டில் அவருக்கு எப்போதும் கொஞ்சம் உரிமை உண்டு.

அப்போதெல்லாம் சாயங்காலம் கரண்ட் போனால் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அந்த இருட்டில் அருணுக்குச் சோறு இறங்குவதற்காக நான் உண்டாக்கிய ஆள்தான் நீலவேங்கை. வண்டலூர் மலையில் குடியிருப்பவர். நீல உடம்பு, முதுகில் சிவப்புத் துணி. ஜி.எஸ்.டி. ரோட்டில் பிரேக் பிடிக்காத லாரியை ஒற்றைக் கையால் நிறுத்துவார். மழையில் மாட்டிக்கொண்ட மின்சார ரயிலைத் தூக்கிக்கொண்டு போய்த் தாம்பரத்தில் வைப்பார். ஒருநாள் சுரைக்காய்க் கூட்டு. என்ன சொல்லியும் வாயைத் திறக்கவில்லை. வேறு வழியில்லாமல், நீலவேங்கை அப்பாவின் சிநேகிதர் என்று ஒரு பிட்டைச் சேர்த்துப் போட்டேன். கூட்டு இறங்கியது. எனக்குச் சனி பிடித்தது.

பையன் போய் வகுப்பில் சொல்லிவிட்டான். டி.வி.யில் வராத வீரனை எவன் நம்புவான்? ஒருநாள் பையைக்கூடக் கழற்றாமல் வந்து என் முன்னால் நின்றான்.

"அப்பா, எல்லாரும் என்னைப் புளுகன்னு கூப்பிடறாங்கப்பா. நீலவேங்கை நிஜம்தானே?"

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியவில்லை. "நிஜம்தாண்டா. உன் பர்த்டேக்கு வரச் சொல்லியிருக்கேன். எல்லாரையும் கூப்பிடு" என்று சொல்லிவிட்டேன்.

அடுக்களையிலிருந்து சரசு எட்டிப் பார்த்தாள். (சரசு என் மனைவி. அதற்குமேல் அவளைப் பற்றி எழுதினால் வீட்டில் சாப்பாடு கிடைக்காது.) "ஏங்க, கேக்குக்கு ஆர்டர் குடுங்கன்னா, ஆளுக்கே ஆர்டர் குடுத்துட்டீங்களா?"

திட்டம் எளிமையானது. பிறந்தநாள் ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் நாலரைக்கு நான் யாருக்கும் தெரியாமல் பின்பக்க ஏணியில் ஏறிவிடுவேன். ஐந்து மணிக்குச் சரசு டேப் ரிக்கார்டரில் பாட்டைப் போடுவாள். நீலவேங்கை மொட்டை மாடி விளிம்பில் தோன்றி, கரகரத்த குரலில், "அருண், என் நண்பனின் மகனே, வாழ்க!" என்று சொல்லி, கை நிறையச் சாக்லெட்டை வீசிவிட்டு மறைவார். பத்து நிமிஷத்தில் நான் வேட்டி சட்டையோடு வாசல் வழியாக வந்து, "அடடா, வந்துட்டுப் போயிட்டாரா?" என்று கேட்பேன். இதில் என்ன கோளாறு வர முடியும் என்று நினைத்தேன். அந்த வயதில் எனக்கு என் மூளைமேல் அப்படி ஒரு நம்பிக்கை.

உடைக்கு ஒரு பனியனையும் பைஜாமாவையும் நீலச்சாயத்தில் முக்கினேன். சாயத்தில் பனியன் சுருங்கிவிட்டது. என் தொப்பை சுருங்கவில்லை. முதுகுக்கு முன்னறையின் சிவப்பு ஜன்னல் திரை. முகமூடிக்குத்தான் அலைந்தேன். தாம்பரம் மார்க்கெட்டில் எங்கும் கிடைக்காமல், கடைசியில் பூசணிக்காயும் படிகாரமும் விற்கிற ஒரு கடையில் ஒன்று தொங்கியது. உருட்டு விழி, முறுக்கு மீசை, வெளியே நீட்டிய நாக்கு. புது வீட்டுக்கும் கட்டுகிற வீட்டுக்கும் கண்ணேறு படாமலிருக்க மாட்டுவார்களே, அதே முகம். நாக்கை அறுத்துவிட்டு நீலப் பெயின்ட் அடித்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று வாங்கிவந்தேன். எல்லாருக்கும் தெரிந்தது. எனக்கு மட்டும்தான் தெரியவில்லை.

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். கிண்டியில் நான் வேலை பார்த்த கம்பெனியில் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர் பதவி காலியாகியிருந்தது. "பொறுப்பான ஆளாப் பாத்துக்கிட்டிருக்கேன்" என்று மேனேஜர் வரதராஜன் சார் என் மேஜைக்குப் பக்கத்தில் நின்று சொல்லியிருந்தார். மரியாதைக்கு அவரையும் பிறந்தநாளுக்குக் கூப்பிட்டிருந்தேன். "பாக்கலாம்" என்றார். ஆபீஸ் பாஷையில் அதற்கு வரமாட்டேன் என்று அர்த்தம். ஆனாலும் சரசு ஒரு வாரமாக அருணுக்குப் பாடம் நடத்தினாள். "மேனேஜர் மாமா வந்தா வணக்கம் சொல்லணும். அப்பா மானத்தை வாங்கக் கூடாது. அப்பாவுக்குப் பெரிய வேலை கிடைக்கப் போகுது."

நாலரைக்கு ஏறினேன். உடையை மாட்டிக்கொண்டு தொட்டி மறைவில் உட்கார்ந்தேன். தளம் கொதித்தது. கீழே பிள்ளைகளின் சத்தம் பெருகியது. சரியாக ஐந்துக்குப் பாட்டு ஆரம்பித்தது. நான் எழுந்து முன்தூணை நெருங்கினேன். பாட்டு நின்றது. கரண்ட் போய்விட்டது.

உள்ளே புழுங்கியதால் எல்லாரும் திமுதிமுவென்று வாசலுக்கு வந்தார்கள். வாடகை நாற்காலிகள் வந்தன. கேக் வைத்த ஸ்டூலும் வந்தது. சரி, பாட்டு இல்லாவிட்டால் என்ன என்று தூணுக்கு அருகில் நின்று, மார்பில் கையைக் கட்டி, நெஞ்சை நிமிர்த்தி, வாயைத் திறந்தேன்.

அந்த நொடியில் ஒரு ஸ்கூட்டர் திரும்பி எங்கள் கேட்டின் முன்னால் நின்றது. வரதராஜன் சாரும் அவர் மனைவியும்.

திறந்த வாயை முகமூடிக்குள் அப்படியே மூடிக்கொண்டேன். பின்னால் நகரப் பார்த்தேன். முதுகிலிருந்த ஜன்னல் திரை தூண் கம்பியில் மாட்டிக்கொண்டிருந்தது. இழுத்தால் ஆடும்; ஆடினால் தெரியும். எனவே நின்றேன்.

மேனேஜர் மேலே பார்த்தார். "குடிவந்து ரெண்டு வருஷம் ஆச்சுன்னாரே, திருஷ்டி பொம்மைய இன்னும் எறக்கலையா?"

"தொப்பையெல்லாம் வெச்சு எவ்வளவு தத்ரூபமா பண்ணியிருக்காங்க, பாருங்க" என்றார் அவர் மனைவி.

சரசுவின் முகத்தில் ஓடியதை எழுத எனக்குத் தமிழ் போதாது. "அவர் ஐஸ்கிரீம் வாங்கத் தாம்பரம் போயிருக்கார், சார். உட்காருங்க" என்றாள்.

பையன்கள் விடவில்லை. அருண் வகுப்பில் மூர்த்தி என்று ஒருத்தன், ஏழுமலையின் அக்கா மகன், எல்லாருக்கும் தலைவன். அவன் என்னைச் சுட்டிக்காட்டிச் சிரித்தான்.

"இன்னாடா அருணு, இதான் உன் நீலவேங்கையா? இத்த மாரி எங்க வூட்டாண்ட கூட ஒண்ணு தொங்கிகினு கீதுடா!"

"இல்லடா, இவரு நிஜம்! இப்ப பாரேன்." என் மகன் முன்னால் வந்து என்னை நிமிர்ந்து பார்த்தான். புதுச் சட்டை, நெற்றியில் சந்தனம். "நீலவேங்கை சார், ஒரே ஒரு தடவை கைய ஆட்டுங்க சார்."

நான் ஆட்டவில்லை.

"சார், ப்ளீஸ் சார்."

கையில் சாக்லெட் உருகிக்கொண்டிருந்தது. ஒரு விரலை அசைத்திருந்தால் போதும். அவன் ஜெயித்திருப்பான். மேனேஜர் ஒரு நிமிஷம் விழுந்து விழுந்து சிரித்திருப்பார், அவ்வளவுதான். ஆனால் எனக்குள் பொறுப்பான ஆள் ஒருத்தன் விறைத்து நின்றான். மூர்த்தி ஒரு சின்னக் கல்லை எடுத்து வீசினான். முகமூடியில் டொக்கென்று பட்டது. அதற்கும் அசையவில்லை. பொம்மையாக இருப்பதில் அப்படி ஒரு கடமையுணர்ச்சி. அதில் பாதியை ஆபீசில் காட்டியிருந்தால் அந்தப் பதவி எப்போதோ கிடைத்திருக்கும்.

மூன்றாவது தடவை அருண் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். பிறகு திரும்பி, "பொம்மைதாண்டா. நான் சும்மா சொன்னேன்" என்றான். பையன்கள் 'ஹோ'வென்று கத்தினார்கள். மேலே எனக்கு அப்பாடா என்று இருந்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் அப்பாடா என்றுதான் இருந்தது.

நாற்பது நிமிஷம் நின்றேன். என் மகன் மெழுகுவர்த்தியை ஊதியதை உச்சியிலிருந்து பார்த்தேன். எல்லாரும் கைதட்டினார்கள், நான் தட்டவில்லை. முதல் துண்டை அம்மாவுக்கு ஊட்டினான். "அப்பா எங்கடா?" என்று வந்தவர்கள் ஆளாளுக்குக் கேட்டார்கள். கேட்காத ஒரே ஆள் அருண்தான். மேலே நின்ற எனக்கு அதுகூடக் கொஞ்சம் மனத்தாங்கலாக இருந்தது.

மேனேஜர் ஒருவழியாகக் கிளம்பிய பிறகு திரையைக் கிழித்துக்கொண்டு பின்பக்கம் ஓடினேன். ஏணியைக் காணோம். ஏதோ அவசர வேலை என்று ஏழுமலை எடுத்துப் போயிருந்தார். இருட்டத் தொடங்கும்போதுதான் அவர் சந்தில் ஏணியோடு திரும்பி வந்தார். மேலிருந்து, "ஏழுமலை, ஏணியைப் போடுப்பா" என்றேன். அவர் நிமிர்ந்து முகமூடியைப் பார்த்தார்.

"ஐயோ! பொம்ம பேசுதுடோய்!" ஏணி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம்.

முகமூடியைக் கழற்றிக் காட்டியும் அவருக்கு நடுக்கம் அடங்கவில்லை. ஏணியைச் சாத்தும்போது, "இன்னா சார், பேஜார் பண்ணிட்ட. நல்லாத்தானே இருந்தே?" என்று வருத்தத்தோடு விசாரித்தார்.

இதற்குப் பிறகு நடந்தவை சுருக்கமாக: சூப்பர்வைசர் பதவி வேறொருவருக்குப் போனது. அருணுக்கு அந்த வருஷம் முழுக்கப் புளுகன் என்ற பெயர் நிலைத்தது. பிறந்தநாள் ஆல்பத்தில் நான் இருப்பது ஒரே ஒரு படத்தில். கேக்குக்கு மேலே, வானத்துக்குக் கீழே, உருட்டு விழியோடு.

மறுநாள் காலை அவனை சைக்கிளில் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்தவன் என் முதுகைத் தொட்டான்.

"அப்பா, அவ்வளவு நேரம் நின்னியே, கால் வலிச்சுதா?"

எனக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. "தெரியுமாடா?" என்றேன்.

"உன் காலு எனக்குத் தெரியாதா? செருப்புப் போடாமதானே நின்னே."

"பின்ன ஏண்டா பொம்மைன்னு சொன்னே?"

"மேனேஜர் மாமா இருந்தாருல்ல."

வண்டி போய், கேட் திறந்து, பின்னாலிருந்தவர்கள் பெல் அடித்துத் திட்டிய பிறகுதான் நான் சைக்கிளைத் தள்ளினேன். அவனிடம் மன்னிப்புக் கேட்டேனா என்றால், இல்லை. வகுப்பு வாசல் வரை கூடப் போய், "இவன் புளுகவில்லை, நான்தான்" என்று பையன்களிடம் சொல்லியிருக்கலாம். எட்டே கால் ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று பள்ளிக்கூட கேட்டிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டேன்.

இப்போது அருணுக்கே தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. எங்கள் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் பந்தி முடிந்ததும் யாராவது, "அந்தப் பொம்மைக் கதையைச் சொல்லுப்பா" என்பார்கள். அவன்தான் சொல்வான். மேனேஜராக, மூர்த்தியாக, ஏணியைப் போட்டுவிட்டு ஓடிய ஏழுமலையாக நடித்துக் காட்டுவான். நான் கைகட்டிப் பேசாமல் உட்கார்ந்திருந்தால், மருமகள்கூட, "மாமா, கொஞ்சம் அசைங்க" என்பாள். கூடம் அதிரும். நானும்தான் சிரிப்பேன்.

ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருத்தர் கடைசியில் அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார்கள். "ஏண்டா, மேல நின்னது உங்கப்பான்னு உனக்குத் தெரியவே இல்லையா?"

என் மகன் என் பக்கம் திரும்ப மாட்டான்.

"எனக்கு அப்ப ஏழு வயசு. எனக்கு எப்படித் தெரியும்?" என்பான்.