நெட்டை நடந்த நடை

சொல்றது அத்தனையும் சத்தியம். ஒரு வார்த்தை பொய்யா இருந்தா என் ரெண்டு காலும் மரத்துப் போகட்டும். உக்காந்து உக்காந்து ஏற்கெனவே பாதி மரத்துதான் கிடக்கு.

நான் கோல்ஃப் மைதானத்துல கேடி. பெரிய மனுஷங்க பந்தை அடிப்பாங்க, நான் மட்டைப் பையைத் தூக்கிக்கிட்டுப் பின்னாடியே போவேன். பை மட்டும் இல்ல. குழி எத்தனை கெஜ தூரம், எந்த மட்டையை எடுக்கணும், எல்லாம் என் கண்ணு சொல்லும். எங்க வக்கீலய்யா என்னைக் கேக்காம ஒரு பந்தைத் தொட்டதில்ல. கேட்டு அடிச்சாலும் தண்ணிக்குள்ளதான் போகும், அது வேற.

அப்புறம் அவரு ஒரு கடிகாரம் வாங்கினாரு. தூரத்தை அதுவே சொல்லுது. அவரு கையைக் கட்டிக்கிட்டாரு கடிகாரத்தால, நான் வாயைக் கட்டிக்கிட்டேன். பையைச் சுமக்க பேட்டரி வண்டியும் வந்துடுச்சு. நான் அதுல பின்னாடி உக்காந்து போறேன், இன்னொரு பை மாதிரி.

அவரு புதுக் கடிகாரம் ஒண்ணு வாங்கினப்போ பழசை எனக்குக் குடுத்தாரு. எத்தனை அடி நடக்கிறோம்னு எண்ணுமாம், நடந்த வழியைக் கோடா போடுமாம், எங்க இருந்தாலும் போனுக்கு அனுப்பிடுமாம். என்னோடது பட்டன் போன். அதனால பொண்டாட்டி போன்ல சேர்த்து விட்டேன். மூக்கணாங்கயிறை நானே கோத்து நானே அவ கையில குடுத்துட்டேன்.

அவளுக்குச் சுகர். தினம் அரை மணி நேரம் நடக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. தனியா நடக்க அவளுக்குக் கூச்சம்.

"ஏங்க, சாயங்காலம் என்கூட நடக்க வாங்களேன்."

"நாள் பூரா நடந்து தேயறேன். இன்னும் நடந்தா முட்டி மட்டும்தான் மிஞ்சும்."

"போன்ல முந்நூத்திப் பத்து அடின்னுதானே காட்டுது?"

"இப்பதானே வந்திருக்கு. இன்னும் எண்ணப் பழகல."

வண்டியில போறேன், என்னை இப்போ யாரும் எதுவும் கேக்கறதில்லன்னு அவகிட்ட எப்படிச் சொல்றது? சொல்லியிருக்கலாம். சொல்லல.

மறுநாள் கடிகாரத்தைக் கழட்டி நெட்டை கையில கட்டினேன். அவனும் கேடிதான். அவன் பை தூக்குற கிழவரு வண்டியே ஏறமாட்டாரு, அதனால இவன் நடையா நடப்பான். சாயங்காலம் திருப்பி வாங்கிக் கட்டிக்கிட்டு, லேசா நொண்டிக்கிட்டே வீட்டுக்குப் போனேன்.

போன் இருபதாயிரம் காட்டுச்சு. பொண்டாட்டி கன்னத்துல கை வச்சா.

"ஐயோ பாவம். காலை நீட்டுங்க, வெந்நீர் வைக்கிறேன்."

ரெண்டு வாரம் ராஜ வாழ்க்கை. நடக்க வாங்கன்ற பேச்சே இல்ல. வெந்நீரை வச்சுட்டு அவ கடைக்குக் கிளம்புவா. நான் கண்ணை மூடுவேன்.

திங்கக்கிழமை மைதானத்துக்கு லீவு. அன்னிக்கு நெட்டை மைதானத்துக் குளத்துல இறங்கி, முழுகிப் போன பந்தையெல்லாம் பொறுக்குவான். ஞாயித்துக்கிழமை அவன்கிட்ட கடிகாரத்தை வாங்க மறந்து தொலைச்சிட்டேன். மத்தியானம் வரைக்கும் நான் கட்டில்ல.

"ஏங்க, எந்திரிச்சீங்களா?"

"இன்னும் இல்ல."

"ஒம்பதாயிரம் அடி நடந்திருக்கீங்க."

"கனவுல நடந்திருப்பேன்."

"குளத்தைச் சுத்திச் சுத்திக் கோடு போட்டிருக்கே. கனவுல குளிச்சீங்களோ?"

அவ்வளவுதான் கேட்டா. திட்டியிருந்தா மனசு ஆறியிருக்கும். திட்டாமத் துணி மடிக்கப் போயிட்டா. சாயங்காலம் செருப்பை மாட்டிக்கிட்டு வாசல்ல நின்னேன்.

"வா, நடக்கலாம். இனிமே தினம் நானும் வர்றேன்."

"நீங்க இருங்க. முதல் நாளே கடையில வச்சு நெட்டை பொண்டாட்டி எல்லாம் சொல்லிட்டா. அன்னியிலேருந்து நானும் அவளும்தான் நடக்கிறோம். சுகர்கூட இறங்கிடுச்சு."

"அப்போ தினம் கடைக்குன்னு போனது?"

"கடையைத் தாண்டித்தானே போகணும்."

"சரி, மூணு பேரா போவோமே."

"உங்க வேகம் எங்களுக்குப் பத்தாது. உங்க பங்குக்கு அவ புருஷன் நடக்கிறாரு, எனக்குத் துணையா அவ நடக்கிறா. நீங்க நாலு விசில் வந்ததும் குக்கரை இறக்கி வச்சிடுங்க."

இருபது வருஷமா அடுத்தவங்க பின்னாடியே நடந்தவன் நான். கூட நடக்கக் கூப்பிட்டது ஒருத்திதான்.

சிரிச்சீங்கல்ல, கூலியை எடுங்க. காசு வேண்டாம். ஆளுக்கு ஒரு சாயங்காலம் என்கூட நடக்க வாங்க. நாலாவது விசிலுக்கு அப்புறம் நான் சும்மாதான் இருப்பேன்.