ஒரு பெண்ணுக்கும் மாப்பிள்ளை இல்லாத மதுரை

பார்த்ததும் 'சாப்ட்டியா' என்று கேட்காத ஒரே மதுரைக்காரர் எங்கள் 'எங்க நிக்கிற' அண்ணன்தான். வீட்டில் சௌராஷ்டிரம், ஆபீஸில் தமிழ், வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் இங்கிலீஷ், எந்த மொழியானாலும் முதல் கேள்வி, "இப்ப எங்க நிக்கிற?" பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளக் கவரில் மட்டும் இருந்தது.

செல்போன் எல்லார் கைக்கும் வராத காலம். வீட்டு போனில் கூப்பிட்டாலும் விடமாட்டார். வீட்டில்தான் இருக்கிறேன் என்றால், வீட்டில் எங்கே என்பார். சமயநல்லூருக்கு வழி கேட்ட லாரிக்காரரிடம், எந்தப் பக்கம் முகத்தை வைத்து நிற்கிறீர்கள் என்று விசாரிக்க ஆரம்பித்தார். லாரிக்காரர் பக்கத்துப் பெட்டிக்கடையில் கேட்டுக்கொண்டு போய்விட்டார்.

குற்றம் சொல்ல முடியாது, தொழில் அப்படி. செல்லூரில் விசைத்தறிக் கூடத்துக்கு மேல்மாடியில் எங்கள் கம்ப்யூட்டர் ஆபீஸ். தறி ஓடினால் மானிட்டரும் சேர்ந்து ஆடும். எக்ஸ்எஸ்எல்டி என்ற மொழியில், குவிந்து கிடக்கும் தகவல்களை வெப்சைட் பக்கங்களாக மாற்றுவோம். தகவல்களுக்குள் நாம் எங்கே நிற்கிறோமோ, அங்கிருந்துதான் அந்த மொழி எதையும் பார்க்கும். ஒரு வீட்டுக்குள் நின்று 'அடுப்படி' என்றால் அந்த வீட்டு அடுப்படிதான் வரும்.

ஒரு கல்யாணத் தகவல் மையம் வேலை கொடுத்தது. ஒவ்வொரு பெண்ணின் பெயருக்குக் கீழும் பொருத்தமான மாப்பிள்ளைகள் வரவேண்டும். ஒரே கோத்திரத்தில் கட்டமாட்டார்கள், அதனால் கோத்திரம் வேறாக இருக்கவேண்டும். அண்ணன் அதை வேறு யாரையும் தொடவிடவில்லை. அந்தப் பெண்களில் அவருடைய தங்கையும் ஒருத்தி. அப்பா இல்லாத வீடு. வருஷக்கணக்காக வரன் தேடி ஓய்ந்திருந்தார்.

வேலை முடிந்து ஒரு மதியம் ஓடவிட்டார். பெண்கள் வரிசையாக வந்தார்கள். மாப்பிள்ளை ஒருவர்கூட வரவில்லை. மதுரை முழுக்க ஒரு பெண்ணுக்கும் மாப்பிள்ளை இல்லை. அண்ணன் நேராகத் தங்கையின் பெயரைத் தேடிப் போனார். கீழே வெறும் வெள்ளை.

"கம்ப்யூட்டரே கைய விரிச்சிருச்சு மாப்ள. அம்மாட்ட என்னத்தச் சொல்லுவேன்?" என்று கண்ணைத் துடைத்தார்.

பாவமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது. அவர் எழுதியதைப் பார்த்தேன். பெண் பெண்ணாக எடுக்கிறது, சரி. மாப்பிள்ளைகளை வடிகட்டும் சதுர அடைப்புக்குள், 'கோத்திரமும் கோத்திரமும் ஒன்றாக இருக்கக் கூடாது' என்று மட்டும் இருந்தது.

"அண்ணே, இந்த அடைப்புக்குள்ள வந்தா எங்க நிக்கிறீங்க?"

"பொண்ணு வீட்லதான்."

"பொண்ணு வீடு அடைப்புக்கு வெளிய. உள்ள வந்துட்டா மாப்பிள்ளை வீடுண்ணே. ரெண்டு கோத்திரமும் அவரோடதுதான். அவர் கோத்திரம் அவருக்கே எப்படி வேறயா இருக்கும்?"

அண்ணன் எழுந்து கதவுக்கு வெளியே போய் நின்று, இது பெண் வீடு என்றார். உள்ளே காலை வைத்து, இது மாப்பிள்ளை வீடு என்றார். மறுபடி வெளியே போய், தங்கையின் கோத்திரத்தைப் பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு உள்ளே வந்தார். தறிக்காரர்கள் படியேறி வந்து வேடிக்கை பார்த்தார்கள். பிறகு உட்கார்ந்து, அடைப்புக்குள் நுழையும் முன்பே பெண்ணின் கோத்திரத்தைத் தனியாக எடுத்துவைக்க ஒரு வரி சேர்த்தார்.

தங்கையின் பெயருக்குக் கீழே மாப்பிள்ளைகள் திரை கொள்ளாமல் வந்தார்கள். குதிப்பார் என்று நினைத்தேன். அவரோ ஒவ்வொருவராகக் குறை சொல்ல ஆரம்பித்தார். ஒருவருக்கு பம்பாயில் வேலை, அம்புட்டு தூரம் அனுப்ப முடியாதாம். ஒருவருக்குப் பேரையூரில் கடை, அந்த வெயில் தங்கைக்கு ஆகாதாம். ஒருவர் பக்கத்துத் தெருதான், ஆனால் அந்த வீட்டில் காபி நன்றாக இருக்காதாம்.

"அப்ப யாருக்குத்தாண்ணே குடுப்பீங்க?"

"குடுக்கத்தான் வேணும் மாப்ள. நான் வீட்டுக்குப் போனா அவதான் கதவு திறப்பா. இனி யாரு திறப்பா?"

மாப்பிள்ளை இல்லாதபோது துளிர்த்த கண்ணீர், இத்தனை பேர் வந்த பிறகு தாரை தாரையாகக் கொட்டியது. மானிட்டரை அணைத்துவிட்டு அவரைக் காபிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். என் அக்காவைக் கட்டிக்கொடுத்த அன்றைக்குக்கூட எனக்கு அப்படி அழுகை வந்ததில்லை.